உங்கள் பணம் செபியின் கண்ணில் படுகிறதா? ராமநாதபுரம் கடலோர முதலீட்டாளருக்கு ஒரு முழு வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கடலோரத்தில் மாதாமாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிற வீடுகள் குறைவு. பணம் வந்தால் மொத்தமாக வரும். இறால் நல்லபடியாகப் பட்ட வாரத்தில் வரும். மிளகாய் விற்ற கையோடு வரும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுக்காரர் வீட்டில் வரவே வராது. இப்படி வருகிற பணத்தை முன்பெல்லாம் நகை, மனை, சீட்டு என்று போட்டு வைத்தோம். இப்போது அதில் ஒரு பகுதி டீமேட் கணக்குக்கும் (பங்குகளை மின்னணுவாக வைத்திருக்கும் கணக்கு) எஸ்ஐபிக்கும் (மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணையாகப் போடுவது) போகிறது.

போடும் முன் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நாளைக்கு இவங்க கம்பிய நீட்டிட்டா யாருகிட்ட போய்க் கேக்குறது?" பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான செபியிடம் என்பது பாதிப் பதில்தான். செபி தன்னிடம் பதிவு செய்த நிறுவனத்தைக் கண்காணிக்கிறது. அந்தக் கண்காணிப்பு சில குறிப்பிட்ட தடங்களில் நடக்கிறது: பதிவு எண், வங்கிக் கணக்கு, டீமேட் கணக்கு, தினசரி அறிக்கை. உங்கள் பணம் அந்தத் தடத்தில் போனால் கண்ணில் படும். தடத்தை விட்டு விலகினால், செபி எவ்வளவு கறாரான அமைப்பாக இருந்தாலும் உங்களுக்குப் பிரயோஜனமில்லை. எனவே பணம் போகும் தடத்தையே நாமும் பின்தொடர்வோம்.

முதல் படி: இது செபியின் எல்லையா?

செபி 1988 ஏப்ரலில் அமைக்கப்பட்டது. சட்டப்பூர்வ அதிகாரம் 1992-இல் கிடைத்தது. ஹர்ஷத் மேத்தா மோசடி வெடித்த அதே ஆண்டு. தலைமையகம் மும்பை, நமக்கான தென் மண்டல அலுவலகம் சென்னை. விதி போடுவது, மீறினால் விசாரிப்பது, தண்டனை கொடுப்பது என்று மூன்று வேலையும் அதனிடமே இருக்கின்றன.

பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், அவற்றை விற்கும் புரோக்கர், ஆலோசனை சொல்லும் ஆலோசகர், பங்குகளை மின்னணுவாக வைத்திருக்கும் டெபாசிட்டரி எல்லாம் செபியின் எல்லை. ஏலச்சீட்டு அப்படியில்லை. அது 1982-ஆம் ஆண்டின் சிட்ஃபண்ட் சட்டத்தின் கீழ், மாநிலப் பதிவுத்துறையின் பொறுப்பு. இன்சூரன்ஸ் ஹைதராபாத்தில் உள்ள ஐஆர்டிஏஐ என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் வரும். நிதி நிறுவனமும் வங்கியும் ரிசர்வ் வங்கியின் கீழ். கிரிப்டோ வியாபாரத்தை செபி ஒழுங்குபடுத்துவதில்லை; அதில் போட்ட பணத்துக்காக செபி கதவைத் தட்டிப் பயனில்லை.

"மாசம் மூணு வட்டி, கேரண்டி" என்று டெபாசிட் வாங்குகிற கம்பெனிகள் வேறு ரகம். அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதை 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. நம் மாநிலத்தில் அதற்கு முன்பே, 1997-இல், டெபாசிட் போட்டவர்களைப் பாதுகாக்கும் டிஎன்பிஐடி சட்டம் வந்துவிட்டது. அந்த வழக்குகளுக்கு மதுரையில் சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு ரகம் உண்டு. பலரிடம் பணம் திரட்டி, நிலத்திலோ மரத்திலோ போட்டு லாபம் தருவதாகச் சொல்லும் திட்டங்கள். இவை கூட்டு முதலீட்டுத் திட்டங்கள் என்ற பெயரில் செபியின் எல்லைக்குள் வரும். மனைக்குத் தவணை கட்டச் சொல்லி நாடு முழுக்கப் பணம் வசூலித்த பிஏசிஎல் நிறுவனத்தை, சுமார் 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்படி 2014-இல் செபி உத்தரவிட்டது. உத்தரவு வந்ததும் பணம் வந்துவிடவில்லை. உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்து, நிலங்களை விற்று, சிறு தொகை போட்டவர்களிலிருந்து ஆரம்பித்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. பதிவே இல்லாத ஆளிடம் போட்ட பணத்தை அரசு நினைத்தாலும் வேகமாக மீட்க முடியாது என்பதற்கு இந்த ஒரு வழக்கு போதும்.

இரண்டாம் படி: பதிவு எண்ணைப் பார்ப்பது

செபி சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பதிவுச் சான்று இல்லாமல் யாரும் புரோக்கராகவோ ஆலோசகராகவோ தொழில் செய்யக்கூடாது என்கிறது. புரோக்கரின் பதிவு எண் 'ஐஎன்இஸட்' என்ற எழுத்துகளில் தொடங்கும். முதலீட்டு ஆலோசகருக்கு 'ஐஎன்ஏ'. பங்குகளை ஆராய்ந்து பரிந்துரைக்கும் ரிசர்ச் அனலிஸ்டுக்கு 'ஐஎன்எச்'. உங்கள் பணத்தை வாங்கி உங்களுக்காக முதலீடு செய்து நிர்வகிக்கும் (பிஎம்எஸ்) போர்ட்ஃபோலியோ மேனேஜருக்கு 'ஐஎன்பி'. இவர்கள் 50 லட்சத்துக்குக் குறைவாக வாங்கவே கூடாது. ஆகவே 'பிஎம்எஸ்ஸில் ரெண்டு லட்சம் போடுங்க' என்று ஒருவர் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு 'ஏஆர்என்' என்ற எண் உண்டு; அதைக் கொடுப்பது மியூச்சுவல் ஃபண்டுகளின் சங்கமான ஆம்ஃபி.

எண்ணைச் சுவரில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். செபி தளத்தில் பதிவு பெற்ற இடைத்தரகர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் எண்ணைப் போட்டு, வருகிற பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் நான்கையும் உங்களிடம் பேசும் ஆளோடு ஒப்பிடுங்கள். உண்மையான நிறுவனத்தின் சான்றிதழை அப்படியே நகலெடுத்து, போன் நம்பரை மட்டும் மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புவது மோசடிக்காரர்களின் பழக்கம். எண் சரியாகவே இருக்கும், ஆள்தான் வேறு. மின்னஞ்சல் முகவரி நிறுவனத்தின் பெயரில் முடிகிறதா, இலவசக் கணக்கா என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

நம் ஊர் நிலவரம் இன்னும் ஒரு சுற்று கூடுதல். பெரிய புரோக்கர் நிறுவனம் மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும். அதன் பெயரில் ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஆபீஸ் நடத்துகிறவர் பெரும்பாலும் அதன் 'ஏபி', அதாவது அங்கீகரிக்கப்பட்ட நபர். 2019 மார்ச்சுக்குப் பிறகு சப் புரோக்கர் என்ற தனிப்பிரிவு கிடையாது. பேச்சுவழக்கில் மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏபிக்கு செபியில் தனிப் பதிவு இல்லை. புரோக்கர் விண்ணப்பித்து, பங்குச் சந்தை ஒப்புதல் கொடுக்கும். அவர் செய்கிற, செய்யத் தவறுகிற எல்லாவற்றுக்கும் புரோக்கரே பொறுப்பு. பங்குச் சந்தையின் தளத்தில் ஏபி பட்டியலில் அவர் பெயரும் கடை முகவரியும் இருக்க வேண்டும். நேரில் கேட்கத் தயங்க வேண்டாம்: "தம்பி, உங்க ஏபி நம்பரும் புரோக்கரோட ஐஎன்இஸட் நம்பரும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க." ஒழுங்கானவர் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுப்பார்.

மூன்றாம் படி: பணம் போகிற வழி

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

புரோக்கர் உங்களிடம் ரொக்கமாகப் பணம் வாங்கக்கூடாது. உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து, வாடிக்கையாளர் பணத்துக்கென்றே புரோக்கர் வைத்திருக்கும் கணக்குக்குப் போக வேண்டும். மீன் ஏலக்கூடத்தில் கை மாறும் நோட்டுக்கு இந்தத் தொழிலில் இடமில்லை. ஏபி தன் பெயரிலுள்ள கணக்கிலும் வாங்கக்கூடாது. எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய வாசகம் இதுதான்: "மாமி, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? என் ஜிபே நம்பருக்கே போட்டு விடுங்க, நான் உங்க கணக்குல ஏத்தி விடுறேன்." சொல்கிற பையன் சொந்தக்காரனாகவே இருக்கலாம், நல்லவனாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நொடியில் பணம் செபியின் தடத்திலிருந்து விலகிவிட்டது. பிறகு தகராறு வந்தால், புரோக்கர் நிறுவனம் "எங்க கணக்குக்கு வரவே இல்லையே" என்று கையை விரிக்கும்.

2025 அக்டோபர் முதல் செபி ஒரு நல்ல ஏற்பாடு கொண்டு வந்திருக்கிறது. பதிவு பெற்ற புரோக்கர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் தனி யுபிஐ முகவரி. '@' குறிக்குப் பின்னால் 'வேலிட்' என்ற சொல்லும் வங்கியின் பெயரும் ஒட்டி வரும். குறிக்கு முன்னால் புரோக்கர் என்றால் 'பிஆர்கே', மியூச்சுவல் ஃபண்ட் என்றால் 'எம்எஃப்' என்று இருக்கும். பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய குறி தெரியும். 'செபி செக்' என்ற வசதியில் அந்த யுபிஐ முகவரியையோ வங்கிக் கணக்கு எண்ணையோ போட்டும் சரிபார்க்கலாம். அனுப்பும் முன் அரை நிமிட வேலை.

சரி, பணம் புரோக்கரிடம் போய்விட்டது. அங்கே அதை அவர் என்ன செய்கிறார்? இதற்கான விதிகளில் பல, கார்வி விவகாரத்துக்குப் பிறகு இறுகியவை. கார்வி ஸ்டாக் புரோக்கிங் நாட்டின் பெரிய புரோக்கர்களில் ஒன்று. முறையான பதிவு, ஊர் ஊராகக் கிளைகள். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்திருந்த பவர் ஆஃப் அட்டர்னியை (அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) வைத்து அவர்களுடைய பங்குகளைத் தன் கணக்குக்கு மாற்றி, வங்கிகளில் அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. 2019 நவம்பரில் செபி இடைக்கால உத்தரவு போட்டு நிறுத்தியது. 80,000-க்கும் மேற்பட்டோரின் பங்குகள் சில நாள்களிலேயே அவரவர் கணக்குக்குத் திரும்பின. 2023-இல் கார்வியின் பதிவே ரத்தானது. பதிவு இருந்தும் தப்பு நடந்தது உண்மை. ஆனால் பங்குகள் டெபாசிட்டரியின் கணக்கில் தடம் விட்டுச் சென்றதால்தான் திரும்பவும் முடிந்தது. பிஏசிஎல்லையும் கார்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதிவுக்கு உள்ளேயும் வெளியேயும் நடக்கும் தப்புக்கு வித்தியாசம் புரியும்.

இப்போது பங்கை அடமானமாகக் கொடுப்பதானால் அது உங்கள் டீமேட் கணக்கிலேயே இருக்கும். உங்கள் கைப்பேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டால்தான் அடமானம் விழும். பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக, குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமான டிடிபிஐ என்ற படிவம் வந்திருக்கிறது. உங்கள் பணம் ராத்திரி புரோக்கரிடம் தங்கக்கூடாது. சந்தையில் நடந்த வியாபாரங்களுக்குப் பணமும் பங்கும் கை மாறுவதைத் தீர்த்து வைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷனுக்கு அன்றன்றைக்கே மேலே ஏற்றிவிட வேண்டும். வாங்கிய பங்கு புரோக்கர் கணக்கைச் சுற்றாமல் நேராக உங்கள் டீமேட்டில் விழும். சும்மா கிடக்கும் மீதிப் பணத்தை, நீங்கள் கேட்காவிட்டாலும், நீங்கள் தேர்ந்தெடுத்தபடி மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ உங்கள் வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். திடீரென்று வங்கியில் பணம் வந்து விழுந்தால் பயப்பட வேண்டாம், விதி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

நான்காம் படி: தாளைப் படிப்பது

ஒவ்வொரு வியாபாரத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் கான்ட்ராக்ட் நோட், அதாவது வியாபார விவரச் சீட்டு, வர வேண்டும். அதைக் கொடுப்பது புரோக்கர். ஏபி தன் பெயரில் கொடுக்க முடியாது. பெரும்பாலானோர் திறப்பதே இல்லை. ஒருமுறை திறந்து வரிவரியாகப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் குறியீடு, ஆர்டர் எண், ஆர்டர் போட்ட நேரம், வியாபாரம் முடிந்த நேரம், வியாபார எண், பங்கின் பெயர், எண்ணிக்கை, விலை. அதன்கீழே தரகு, எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), முத்திரைக் கட்டணம், ஜிஎஸ்டி. கூடவே செபி கட்டணம் என்று ஒரு குட்டி வரி இருக்கும். கோடி ரூபாய்க்குப் பத்து ரூபாய் வீதம். 50,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கினால் 5 காசு. உங்களைப் பாதுகாக்கும் அமைப்புக்கு நீங்கள் நேரடியாகக் கொடுக்கும் கூலி அந்த 5 காசுதான்!

அந்த வியாபார எண் உண்மையா என்று பங்குச் சந்தையின் தளத்திலேயே சில நாள்களுக்குள் சரிபார்க்கலாம். போலி ஆப்களில் லட்சக்கணக்கில் லாபம் காட்டுவார்கள், கான்ட்ராக்ட் நோட் மாதிரி ஒன்றைக்கூட அனுப்புவார்கள். சந்தையின் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் ஒன்றும் வராது.

புரோக்கர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இரண்டாவது ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வியாபாரம் நடந்த அன்று பங்குச் சந்தையே உங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்ற இரு டெபாசிட்டரிகளும் உங்கள் பங்கு, ஃபண்ட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கணக்கு அறிக்கை அனுப்பும். புரோக்கர் காட்டும் எண்ணிக்கையும் டெபாசிட்டரி காட்டும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

இந்த ஏற்பாடு முழுவதையும் ஒரே அடியில் உடைக்கும் பழக்கம் ஒன்று நம் பக்கம் இருக்கிறது. கணக்கு திறக்கும்போது வயதானவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஏஜென்ட் தன் கைப்பேசி எண்ணையே போட்டுவிடுவது. "ஓடிபி வந்தா உங்களுக்குத் தொந்தரவு மாமா" என்பார். அப்படிச் செய்தால் சந்தையின் குறுஞ்செய்தி, அடமான ஓடிபி, கணக்கு அறிக்கை எல்லாம் அவருக்கே போகும். காவல்காரனே சாவியை வைத்திருப்பதை செபியால் மும்பையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஒரு எண் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டுமே என்பது விதி. கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர் போன்ற குடும்பத்தினருக்கு விதிவிலக்கு உண்டு. உங்கள் கணக்கில் யாருடைய எண் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு துண்டுச் செய்தி. அங்கே வேலைக்குப் போய் என்ஆர்ஐ ஆன பிறகு பழைய உள்ளூர் டீமேட் கணக்கை அப்படியே நடத்தக்கூடாது. வங்கியிலும் புரோக்கரிடமும் சொல்லி மாற்ற வேண்டும். என்ஆர்ஐ கணக்கில் அன்றன்றைக்கு வாங்கி விற்கும் இன்ட்ராடே வியாபாரம் கிடையாது.

ஐந்தாம் படி: சோதனை எப்படி நடக்கிறது?

விசைப்படகுக்குப் பதிவு எண் இருந்தாலும் ஒவ்வொரு தடவை கடலுக்குப் போகும்போதும் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும் அல்லவா, புரோக்கர் விஷயமும் அதுதான். பதிவு ஒருமுறை, கணக்குக் கொடுப்பது தினமும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் பணமும் அடமானமும் எவ்வளவு என்று புரோக்கர் அனுப்பும் அறிக்கையை கிளியரிங் கார்ப்பரேஷனும் சந்தையும் வங்கி, டெபாசிட்டரி கணக்குகளோடு ஒப்பிடுகின்றன. முதல்நிலைக் காவல் பங்குச் சந்தைகளிடம்தான் இருக்கிறது. செபி, சந்தை, டெபாசிட்டரி சேர்ந்து கூட்டாகவும் நேரடிச் சோதனை நடத்தும். அரையாண்டுக்கு ஒருமுறை உள்தணிக்கை உண்டு. விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று ஒருவரை நிறுவனமே வைத்திருக்க வேண்டும். கிளைகளையும் ஏபிக்களையும் போய்ப் பார்ப்பது புரோக்கரின் வேலை. சாயல்குடியில் இருக்கும் ஒரு மேசையை செபி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த மேசையின் கண்காணிப்பாளர் நீங்களும்தான்.

தப்பு தெரிந்தால் செபியின் உத்தரவுகள் அதன் தளத்தில் வரும். புரோக்கரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இடைக்கால உத்தரவு என்றால் அவசரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணை பாக்கி. இறுதி உத்தரவு என்றால் தீர்ப்பு. செட்டில்மென்ட் உத்தரவு என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் பணம் கட்டி முடித்துக்கொண்டது. பெரிய புரோக்கர் எவருக்கும் சின்ன அபராதம் ஏதாவது இருக்கும். அறிக்கை தாமதம் மாதிரியானவற்றை நான் பெரிதாக எடுப்பதில்லை. வாடிக்கையாளர் பணத்தைத் தன் செலவுக்கு எடுத்தது என்று ஒரே ஒரு வரி இருந்தாலும் அந்தப் பக்கம் போகமாட்டேன். செபியின் உத்தரவே கடைசி வார்த்தை இல்லை. நிறுவனம் 45 நாள்களுக்குள் பங்குகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும், அதன்பின் உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். அதனால் செய்தியில் தலைப்பைப் பார்த்ததோடு விடாமல் மேல்முறையீடு என்ன ஆனது என்றும் பாருங்கள்.

ஆலோசகர்கள் பற்றி ஒரு வார்த்தை. பதிவு பெற்ற ஆலோசகர் லாபத்துக்கு உறுதி கொடுக்கக்கூடாது, உங்கள் முதலீட்டுப் பணத்தைத் தன் கணக்கில் வாங்கக்கூடாது. கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய், அல்லது நிர்வகிக்கும் தொகையில் 2.5 சதவீதம். டெலிகிராமில் 'டிப்ஸ்' கொடுத்து லாபத்தில் பங்கு கேட்பவர் இந்த விதிகளில் எதற்குள்ளும் வரமாட்டார்.

நஷ்டத்தை செபி தடுக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்: பங்கின் வருங்கால விலையை வைத்து நடக்கும் ஒப்பந்தங்கள்) வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வே சொல்கிறது; மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அவர்களில் பலரும் முறையான புரோக்கர், முறையான கணக்கு, முறையான கான்ட்ராக்ட் நோட்டோடு நஷ்டப்பட்டவர்கள்தான்.

ஆறாம் படி: புகார்

முதலில் புரோக்கரின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். போனில் பேசியது கணக்கில் சேராது. பதில் சரியில்லையென்றால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் பான் எண்ணோடு பதிவு செய்யலாம். புகார் நேராக நிறுவனத்துக்குப் போகும். 21 நாளில் பதில் தர வேண்டும். திருப்தியில்லையென்றால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்; புரோக்கர் புகாரை அப்போது பங்குச் சந்தை பார்க்கும். அதுவும் சரியில்லையென்றால் மறுபடி 15 நாளுக்குள் இரண்டாவது மறுபரிசீலனை, இதை செபியே பார்க்கும். அந்த 15 நாளைத் தவறவிட்டால் புகார் முடிந்ததாக மூடிவிடுவார்கள். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் ஒருவரிடம் தேதியைச் சொல்லி வையுங்கள்.

அதற்கு அப்புறமும் தீரவில்லையா? 'ஸ்மார்ட் ஓடிஆர்' என்ற இணையவழி ஏற்பாட்டில் முதலில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு. மும்பைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. புரோக்கர் திவாலாகிச் சந்தை அவரை டிஃபால்டர் (கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத் தவறியவர்) என்று அறிவித்தால், முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் உச்சவரம்புக்கு உட்பட்டு இழப்பீடு கேட்கலாம். விலை சரிந்த நஷ்டத்துக்கு அதில் இடமில்லை. ஸ்கோர்ஸ் புகாருக்கு ஓராண்டு காலக்கெடு இருக்கிறது. சந்தேகம் கேட்க செபியின் கட்டணமில்லா எண் 1800 266 7575, தமிழிலும் பேசலாம்.

பணம் போனது பதிவில்லாத ஆளிடம் அல்லது போலி ஆப்பில் என்றால் ஸ்கோர்ஸில் நேரம் வீணாக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிந்தால்தான் உண்டு. டெபாசிட் மோசடி என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ். இரண்டுக்கும் கையோடு கொண்டுபோக வேண்டியவை: பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, யுபிஐ பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும். வெட்கப்பட்டு அந்த உரையாடலை அழித்துவிடுகிறவர்கள் நிறைய; அழிக்காதீர்கள், போலீசுக்கு முதலில் வேண்டியது அதுதான்.